இரண்டாவது சாவி

என்னை யாராவது ஏமாளி என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கிறவன் நான். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் கை பிசைந்து நிற்கிறவர்கள், பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மேதைகள், சண்டையில் சாவியை ஜன்னல் வழியாக வீசிவிட்டு மறுநாள் தேடுகிற புருஷன் பொண்டாட்டிகள், எல்லோரும் என் சாவிக் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன்: ‘வண்டிப் பேப்பர் காட்டாமல் வண்டிச் சாவி செய்து தரப்படாது.’ அதைப் படித்துவிட்டு அழுதவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு, மாமா மச்சான் என்று முறை கொண்டாடியவர்கள்கூட உண்டு. ஒருவருக்கும் நான் வளைந்து கொடுத்ததில்லை.

அப்படிப்பட்ட நான்தான் பேப்பர் இல்லாத கார் ஒன்றை வாங்கினேன். சிரிக்க வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

என் மனைவி முடி வெட்டுகிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுடைய அக்காவின் பியூட்டி பார்லரில்தான் வேலை. அந்த அக்காவுக்கு நான் வைத்திருக்கிற பெயர் பெரிய கத்திரி. கையில் இருக்கிற கத்திரி முடியை வெட்டும், வாயில் இருக்கிற கத்திரி ஆளையே வெட்டும். கூடப்பிறந்தவள்தானே என்று என் மனைவி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருந்தாள். அவளுக்கென்று ஒரே ஒரு ஆசை இருந்தது. பார்லருக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய் முடி வெட்டிவிட வேண்டும்.

“படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கும் முடி வளருதுங்களே. அவங்க எங்க போவாங்க?” என்பாள்.

லீவு நாட்களில் அப்படிப் போகவும் ஆரம்பித்திருந்தாள். மடக்கு நாற்காலி ஒன்று, படுத்தபடியே தலைக்குக் குளிப்பாட்டுவதற்குக் கழுத்துப் பக்கம் வளைவு வெட்டிய பிளாஸ்டிக் பேசின் ஒன்று, துண்டு, டிரையர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவாள். கண்டக்டர் திட்டுவார். சாயங்காலம் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வருவாள். அவள் போய்வந்த வீடுகளிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொன்னார்கள். பெரிய கத்திரிக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் பார்லர் நிறைய ஆள் இருக்கும்போது, “வீடு வீடா பையைத் தூக்கிட்டு அலையறவளுக்கு என் கடையில கண்ணாடி முன்னாடி நிக்க என்ன தகுதி?” என்று கேட்டுவிட்டாள்.

என் மனைவி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை.

“இனிமே அங்க கால் வைக்க மாட்டேங்க. ஒரு வண்டி மட்டும் இருந்தா போதும், நான் பொழைச்சுக்குவேன். லைசென்ஸ்கூட எடுத்து வெச்சிருக்கேன்” என்றாள்.

லைசென்ஸ் எடுத்ததே எனக்குத் தெரியாது! எனக்குச் சொல்லாமல் மனசுக்குள்ளேயே எத்தனை நாள் கார் ஓட்டியிருப்பாளோ. அதோடு பெரிய கத்திரியின் மேல் வந்த கோபம் வேறு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த வாரத்துக்குள் இவளை ஒரு காரில் உட்கார வைக்காவிட்டால் நான் ஆம்பளையே இல்லை என்று மனசுக்குள் சபதம் போட்டேன். எவன் போடச் சொன்னான்?

பழைய கார் தேடுகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். முதலில் சென்ட் வாசனை வந்தது, பின்னாலேயே அந்த ஆசாமி வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சிரித்த முகம். கடை வாசலில் சின்னதாக ஒரு வெள்ளைக் காரை நிறுத்தியிருந்தார். கதவைத் திறந்தேன், மூடினேன், இன்ஜின் சத்தத்தைக் கேட்டேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

“பேப்பர்?” என்றேன்.

“அட்ரஸ் மாத்தறதுக்கு ஆபீஸ்ல கொடுத்திருக்கேண்ணே. அடுத்த வாரம் வந்துடும். வந்த அன்னிக்கே உங்க கையில கொண்டாந்து கொடுத்துட்டுத்தான் மறுவேலை. எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு, அவசரம். இல்லேன்னா இந்த விலைக்கு யாராவது விடுவாங்களா, சொல்லுங்க?”

என் பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பேப்பர் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பையிலிருந்து இரண்டு சாவிகளை எடுத்து மேஜையில் வைத்தார்.

அங்கேதான் என் தொழில் என்னைக் குப்புறத் தள்ளியது. கார் திருடுகிறவனிடம் ஒரு சாவி இருந்தாலே பெரிய விஷயம். இரண்டாவது சாவி இருக்கவே இருக்காது. அது வீட்டில் பீரோவுக்குள், புடவைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் அந்த வீட்டு ஆளாக இருக்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்தேன். முதல் சாவியின் பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. இரண்டாவதில் ஒவ்வொரு பல்லும் கம்பெனியிலிருந்து வந்த கூர்மையோடு இருந்தது. ஒருநாளும் பூட்டுக்குள் போகாத அசல் சாவி. பேப்பரைப் போலியாக அச்சடிக்கலாம். சாவியின் வயசைப் போலியாகச் செய்ய முடியாது. அது எனக்குத் தெரியும், உலகத்தில் வேறு எவனுக்குத் தெரியும்? அப்படி ஒரு திமிர்.

பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரன் எட்டிப் பார்த்தான். எல்லாவற்றையும் எட்டிப் பார்ப்பதுதான் அவனுக்கு உபதொழில்.

“அண்ணே, பேப்பர் வரட்டுமே. ரெண்டு சாவி வெச்சிருக்கிறவன்தான் சொந்தக்காரன்னு எங்கேயாவது சீல் குத்தியிருக்கா?” என்று என் காதைக் கடித்தான்.

“உனக்கு மெஷின்ல பேப்பர் மாட்டினா எடுக்கத் தெரியும். சாவியைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? போய்யா, போய் வேலையைப் பாரு.”

அன்றைக்கே கார் என் கைக்கு வந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். என் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முதலில் டிக்கியைத்தான் திறந்தாள். ஓடிப்போய் நாற்காலியையும் பேசினையும் கொண்டுவந்து உள்ளே வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தன. சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டிச் சிரித்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன, அவள் கவலைப்படவில்லை.

“பேப்பரெல்லாம் சரியா இருக்குல்லங்க?”

“கடை லாக்கர்ல பத்திரமா இருக்கு” என்றேன்.

நாக்கு அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஒரு வாரத்து விஷயம்தானே, வந்ததும் லாக்கரில் வைத்துவிட்டால் அது பொய்யாகவே இருக்காது என்று ஒரு கணக்கு. அவள் “சரி” என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரம் போயிற்று. சென்ட் ஆசாமிக்குப் போன் போட்டேன். “வந்துட்டே இருக்குண்ணே” என்றார். அடுத்த முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த முறை, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் எனக்கு மரியாதையாகச் சொன்னது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியில் மட்டுமா, உட்கார்ந்தால் பயம், நின்றால் பயம். தெருவில் விசில் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு ஓடுவேன், பார்த்தால் குப்பை வண்டிக்காரர். வீட்டு வாசலில் கார் நின்றால் கண்ணை உறுத்தியது. ஒருநாள் பின்தெருவில் கொண்டுபோய் நிறுத்துவேன், மறுநாள் கோடவுன் சந்தில். மேலே தார்ப்பாய் போட்டு மூடினேன். ஏன் என்று அவள் கேட்டால் பெயிண்ட் வெளுத்துவிடும் என்றேன். வெள்ளைக் கார் எங்கே வெளுக்கும்? கடையில் வேலையும் ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளர் நான் வெட்டிக் கொடுத்த சாவியைக் கொண்டுவந்து, “அண்ணே, இது எங்க வீட்டுக் கதவைத் தவிர தெருவுல எல்லாக் கதவையும் திறக்கும் போலிருக்கு” என்று மேஜையில் போட்டார்.

அவளோ பூரித்துப்போய் இருந்தாள். காலையில் சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துண்டுகளைத் துவைத்துப் போடுவாள். எந்த வீட்டுக்குப் போனாள், யாருக்கு வெட்டினாள், யார் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து எத்தனை மாதத்துக்கு அப்புறம் சிரித்தார்கள் என்று எனக்கு ஒன்று விடாமல் சொல்லுவாள்.

“இன்னிக்கு மெயின் ரோட்டுல ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணிட்டேங்க!”

எனக்குப் புரையேறியது. “ஓவர்டேக்கெல்லாம் உனக்கு எதுக்கு? ஓரமாப் போ. போலீஸ் நிக்கற ரோடே வேண்டாம், சுத்திக்கிட்டுப் போ.”

“ஏன்?”

“ஏன்னா… அங்க தூசி ஜாஸ்தி.”

“போலீஸ் நின்னா தூசி வருமா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. சொன்னால் காரை அந்த நிமிஷமே நிறுத்திவிடுவாள், அவள் குணம் அப்படி. நிறுத்தினால் பழையபடி பெரிய கத்திரியின் வாசலில் போய் நிற்க வேண்டும். நான் வாங்கிக் கொடுத்ததை நானே எப்படிப் பிடுங்குவது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அப்படி ஒரு நாளைக்குத்தான் பெண்மணி ஒருவர் கடைக்குள் வந்தார்.

ஓடி வந்திருக்கிறார் என்று மூச்சிலேயே தெரிந்தது. நகக்கண்களில் வெள்ளையாக மாவு போல ஏதோ ஒட்டியிருந்தது. பலகையைப் படித்தார்.

“நல்ல பழக்கம். எல்லாக் கடையிலயும் இப்படி இருக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து பேப்பரை எடுத்து என் முன்னால் விரித்தார். “ஒரு கார் சாவி வேணும். வண்டி பின்தெருவுலதான் நிக்குது.”

நான் பேப்பரில் நம்பரைப் பார்த்தேன். அது என் மனைவி ஓட்டுகிற கார்.

நான் கேட்காமலேயே அவர் சொன்னார். பல்செட் செய்கிற லேபில் அவருக்கு வேலை. செய்த பல்செட்டுகளை டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான்.

“என் சம்பாத்தியத்துல வாங்கின வண்டி, என் பேர்ல. வீட்டுக்காரர்… இனிமே அந்த வார்த்தை எதுக்கு, என்னை விட்டுட்டுப் போனவர், போகும்போது வண்டியையும் எடுத்துட்டுப் போயிட்டார். பீரோவுல இருந்த ரெண்டாவது சாவியைக்கூட விட்டு வைக்கலை. பேப்பர் லேப்ல என் மேஜையில இருந்துச்சு, அதனால தப்பிச்சுது. போலீஸ்ல போய்ச் சொன்னா, புருஷன் பொண்டாட்டி விவகாரம், பேசித் தீர்த்துக்கோங்கம்மான்னு அனுப்பிட்டாங்க. அன்னையில இருந்து பல்செட்டுப் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு பஸ் பஸ்ஸா ஏறி இறங்கறேன். இன்னிக்கு பஸ் ஜன்னல் வழியாப் பாக்கறேன், என் வண்டி! பின்கதவுல நான் இழுத்த கீறல்கூட அப்படியே இருக்கு. எவன்கிட்ட வித்தானோ தெரியலை. எனக்கு யார்கிட்டயும் மல்லுக்கட்டத் தெம்பில்லைண்ணே. ஒரு சாவி வெட்டிக் கொடுங்க, எடுத்துட்டுப் போயிட்டே இருக்கேன்.”

அந்த வீட்டு ஆளாக இருக்க வேண்டும் என்று நான் போட்ட கணக்கில் ஒரு பிசகும் இல்லை. வீட்டு ஆள்தான் எடுத்திருந்தான். வீட்டு ஆள் திருடனாக இருக்க மாட்டான் என்று எனக்கு யார் சொன்னது?

இரண்டாவது சாவி அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். பேப்பரோடு வந்தவருக்குச் சாவி கொடுக்க வேண்டும் என்பதுதானே என் சட்டம்? அதை எழுதி மாட்டியவனே நான்தானே? ஆனால் என் கண் முன்னால் அந்த வளைந்த பேசின்தான் வந்து நின்றது. என்னால் முடியவில்லை. பூட்டு கெட்டுவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். அவர் தலை மறைந்ததும் காரை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். மற்றதை அப்புறம் யோசிக்கலாம். நானா இப்படி நினைத்தேன் என்று இப்போதுகூட எனக்குக் கூசுகிறது.

கருவிப் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். ஜெராக்ஸ்காரன் என்னைப் பார்த்தான். தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

கார் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் நின்றது. அங்கே முதல் மாடியில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிற பழைய ஃபுட்பால் ரெஃப்ரி ஒருவர் என் மனைவியின் வாடிக்கையாளர். தலையில் கை வைத்தாலே ஃபவுல் என்று கத்துவாராம். அவருக்கு முடி வெட்டி முடிக்க இன்னும் நேரமாகும், அதற்குள் இந்த அம்மாவை அனுப்பிவிடலாம் என்று நினைத்துக் கார்க் கதவருகே குந்தி உட்கார்ந்து, கம்பியைப் பூட்டுக்குள் விட்டேன். நான் நினைத்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் திறந்துவிடுகிற பூட்டு. திறந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து குடைந்தேன். தொழிலில் இப்படி ஒரு வேலை அதற்கு முன் நான் செய்ததே இல்லை.

“எவ்வளவு நேரமாகும்ணே?”

“பழைய பூட்டும்மா. உள்ள துரு.”

“துருவா? நான் மாசா மாசம் எண்ணெய் விடுவேனே.”

“இல்லம்மா, இது வேற மாதிரி துரு” என்றேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. “இங்க ஆகாதும்மா. வீட்டுல பெரிய கருவி இருக்கு. நீங்க நாளைக்கு வாங்க, முடிச்சுத் தரேன்.”

என் மூக்குக்கு நேரே கார் கீச் கீச் என்று கத்தி, விளக்குகளைச் சிமிட்டிவிட்டு, பூட்டைத் தானே திறந்துகொண்டது.

நிமிர்ந்து பார்த்தேன். கட்டட வாசலில் என் மனைவி. தோளில் பை, புடவையில் வெள்ளை முடித் துணுக்குகள், கையில் சாவி.

“என்னங்க இது? என்னைக் கேட்டா சாவி கொடுக்க மாட்டேனா? கம்பியை விட்டு எதுக்குக் குடையறீங்க?” என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

தேள் கொட்டிய திருடனாவது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். எனக்கு அதற்கும் வழியில்லை, வாய் திறந்தபடி இருந்தது.

பல்செட் அம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இந்தச் சாவி உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“எங்க வண்டிச் சாவி எங்ககிட்டதானே இருக்கும்?”

“இது என் வண்டி.”

அவர் பேப்பரை நீட்டினார். என் மனைவி அதை வாங்கவில்லை. அவள் முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அக்காவிடம்கூட உயர்த்தாத குரலை அன்றைக்குத்தான் உயர்த்தினாள்.

“நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா பேசறதை யோசிச்சுப் பேசுங்க. இவர் யார் தெரியுமா? பேப்பர் இல்லாம ஒரு சாவியைக்கூடத் தொட மாட்டார். ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அப்பேர்ப்பட்டவர் பேப்பர் இல்லாம ஒரு வண்டியை வாங்கியிருப்பாரா?” என்னிடம் திரும்பினாள். “நீங்க ஏன் பேசாம உக்காந்திருக்கீங்க? கடை இதோ இருக்கு. லாக்கர்ல இருந்து நம்ம பேப்பரை எடுத்துட்டு வந்து இவங்க முகத்துக்கு முன்னாடி காட்டுங்க. போங்க.”

நான் எழுந்து நின்றேன்.

“போங்களேன்.”

மேலே ரெஃப்ரி வீட்டு ஜன்னலிலிருந்து ரேடியோச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தது. நான் கீழே பார்த்தேன். பூட்டிலிருந்து உருவிய கம்பி இன்னும் என் கையில் இருந்தது. அவளும் அந்தக் கம்பியைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். அவள் புத்திசாலி, யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

“இல்லையா?” என்றாள்.

“ஒரு வாரத்துல தரேன்னு சொன்னான். நீ அக்கா கடையில பட்டது எனக்கு…” கம்பியைக் கருவிப் பைக்குள் போட்டேன். “தப்புப் பண்ணிட்டேன்.”

அவள் பல்செட் அம்மாவிடம் கையை நீட்டி, இப்போது அந்தப் பேப்பரை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரை நின்று படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அதன் மேலேயே சாவியையும் வைத்தாள்.

“மன்னிச்சுக்குங்க. தெரியாமப் பேசிட்டேன்” என்றாள்.

நானும் சட்டைப் பையிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்துக் கொடுத்தேன். பல்செட் அம்மா அதைக் கண்டதும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க முடியாது. திட்டுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

“நீங்களும்தான் ஏமாந்திருக்கீங்க, அது எனக்குப் புரியுது. ஆனா என்னைக் கதவுகிட்ட நிக்க வெச்சு நாடகம் ஆடினீங்களே, அதுதான் புரியலை” என்றார்.

என் மனைவி டிக்கியைத் திறந்து நாற்காலியையும் பேசினையும் எடுத்தாள். நான் கை கொடுக்கப் போனேன், அவள் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். பின்சீட்டில் காய்ந்துகொண்டிருந்த துண்டுகளை எடுத்து மடித்தாள். சீட்டில் ஒட்டியிருந்த முடித் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

“சீட்டை எனக்காக முன்னாடி இழுத்து வெச்சிருக்கேன். நீங்க உயரம், பின்னாடி தள்ளிக்குங்க. செகண்ட் கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும்.”

“தெரியும்” என்றார் அவர். கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தி, “உங்களை எங்கயாவது இறக்கி விடட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாங்க. பஸ் இருக்கு.”

கார் முக்குத் திரும்பிப் போயிற்று. நடைபாதையில் நாற்காலி, பேசின், பை, நாங்கள் இரண்டு பேர். எனக்கு எதையாவது பேசியாக வேண்டும் போல இருந்தது. அந்தச் சென்ட்டுப் பயல் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று கத்தினேன். வேறு வண்டி பார்க்கலாம், பேப்பரைப் பார்த்துத்தான் வாங்கலாம் என்றேன். போலீஸ்காரனைத் திட்டினேன், ஜெராக்ஸ்காரனைக்கூடத் திட்டினேன். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். நான் மூச்சு விட நிறுத்தியபோதுதான் பேசினாள்.

“நீங்க லாக்கர்ல இருக்குன்னு சொன்னீங்க. காட்டுங்கன்னு நான் ஒருநாள்கூடக் கேக்கலை. கேக்கணும்னு தோணவே இல்லை.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கோபமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் எதிரிலேயே அக்காவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பெரிய கத்திரியின் குரல் எனக்கே கேட்டது. என்னடி, கார்காரம்மா, எங்க நினைப்பெல்லாம் இருக்கா என்றது. இவள், “நாளையில இருந்து கடைக்கு வரட்டுமாக்கா?” என்றாள். கார் என்ன ஆயிற்று என்று அது கேட்டிருக்க வேண்டும்.

“கொடுத்துட்டோம்க்கா. எனக்குச் சரியா ஓட்ட வரலை, பயமா இருந்துச்சு. அவர் என்ன பண்ணுவார் பாவம், எனக்காக ஆசையா வாங்கினார்.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. லாரியை ஓவர்டேக் செய்தவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பு முடிகிறவரை பொறுமையாக நின்றாள். எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பினோம். அவள் பார்லருக்கு, நான் கடைக்கு. பழைய ஏப்ரன் ஆணியிலேயே இருக்கும், எடுத்துப் போக ஒன்றுமில்லை என்று கையை வீசிக்கொண்டு முன்னால் படியிறங்கினாள். நான் வீட்டைப் பூட்டினேன்.

“பூட்டிட்டேன், நட” என்றேன்.

பாதிப் படியில் நின்றாள். திரும்பி மேலே ஏறி வந்தாள். என்னைத் தாண்டிப் போய்ப் பூட்டைக் கையில் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அப்புறம், “வாங்க, நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.